நாற்பது ஜோடி சப்பாத்தும் ஒரு மூஞ்சியும்

எழுத்து சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு ஒரு வசதி உண்டு: பிள்ளை 'அ'னாவைக் கோணலாக எழுதினால் தப்பு என்று ஒரு கோடு போட்டுவிடலாம். சித்திர வாத்தியார் மாட்டின் கால் கோணல் என்று சொன்னால், "எங்க மாடு அப்படித்தான் சார் நிக்கும்" என்று பதில் வரும்.

அதற்கு மேல் என்ன பேச முடியும்? அந்த மாட்டை நீங்கள் பார்த்ததில்லை. பிள்ளை தினமும் பார்க்கிறது. இந்தத் தொழிலில் ஏற்கனவே அகப்பட்டுக்கொண்டவர்கள், இனிமேல் அகப்படப் போகிறவர்கள், எல்லாருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கே வலிக்கும் என்று நமக்குத்தான் தெரியும்.

டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேலே மூன்று மைல் நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவமாக இருந்தது. நீளமாக ஒரே கட்டடம், தகரக் கூரை, ஐந்து வகுப்பு, நடுவில் தடுப்பு கிடையாது. ஒரு மூலையில் வாய்ப்பாடு சொன்னால் மறு மூலையில் பாட்டுப் படிக்கிறவர்களுக்கு அதுதான் தாளம். பெரிய வாத்தியார் ஒருவர், அவருடைய சம்சாரம் டீச்சரம்மா, மூன்றாவதாக நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அதற்கு முன்னே ஹட்டனில் கடைப்பலகை எழுதுகிறவரிடம் இரண்டு வருஷம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

ஆறு மாசம்

பள்ளிக்கூடத்தில் சித்திர வகுப்பு நடத்த வேண்டும் என்று பெரிய வாத்தியாருக்கு ரொம்ப நாளாக ஆசை. தோட்டத்துப் பள்ளிக்கூடமானபடியால், தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரை சரி என்றால்தான் ஆள் போடலாம். பெரிய வாத்தியார் என்னைத் தொரையின் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம். தொரை வந்தால் பாதையை விட்டு இறங்கி, குடை இருந்தால் மடக்கி, தலைத்துண்டு இருந்தால் அவிழ்த்து, குனிந்து நிற்க வேண்டும். எங்கள் தாத்தா நூறு ராஜா கதை சொல்லுவார். கதையில் குடியானவன் ராஜாவோடு நேருக்கு நேர் வாதாடி ஜெயித்துவிடுவான். தொரையின் குதிரைச் சத்தம் கேட்டால் மட்டும் தாத்தா கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் தண்ணீர் ஓடுகிற பாதையோரக் கானுக்குள் இறங்கிவிடுவார். அந்த ரத்தம்தான் எனக்கும்.

கால் மணி நேரம் ஆபீஸ் வாசலில் நின்றேன். நான் பார்த்தது ஒரு ஜோடிப் பழுப்புத் தோல் சப்பாத்து, முழங்கால் வரை இழுத்துவிட்ட கம்பளி மேசு, ஒரு பிரம்பின் நுனி, பக்கத்தில் ஒரு நாய். நாய் என்னைப் பார்த்தது. நான் நாயைப் பார்த்தேன். பேச்சு மட்டும் மேலேயிருந்து வந்தது. "ஆறு மாசம் படம் போடு. அப்புறம் நான் வந்து பாக்குறது. நல்லா இல்லே, நீ ஸ்டோரு போ."

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே டீமேக்கரையாவுக்குக் கீழே, தேயிலை சலிக்கிற இடத்தில் எங்கள் அப்பா இருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வரை தேயிலைத் தூசி படிந்து, ஆள் வருவதற்கு முன்னால் இருமல் வந்துசேரும். இன்னும் ஆறு மாசத்தில் அந்தத் தூசிக்கா, சாக்கட்டித் தூசிக்கா என்று தெரிந்துவிடும். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கழுவிக்கொண்டே சொன்னார்: "டீமேக்கரையாகிட்ட சொல்லி ஒனக்கு ஒரு எடம் காலியா வச்சிருக்கேன். நீ ஆற அமர படம் போட்டுட்டு வா."

ராமாயி சொல்கிறாள்

எனக்குத் தொண்டை சின்னது. நான் பேசினால் முதல் பெஞ்சுக்குக் கேட்கும், இரண்டாவது பெஞ்சுக்குச் சந்தேகமாகக் கேட்கும், மூன்றாவது பெஞ்சு என் வாயசைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் நாளே இதைக் கண்டுபிடித்துவிட்டவள் ராமாயி. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அவளுடைய தாத்தா கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். குரலை மட்டும் பேத்திக்குக் கொடுத்துவிட்டார். நான், "எல்லாரும் சிலேட்ட எடுத்து ஒரு பூ வரையுங்க, பாப்போம்" என்றேன். ராமாயி எழுந்து, பின்பக்கம் திரும்பி, இடுப்பில் கை வைத்தாள். "ஏய், எல்லாம் சிலேட்ட எடு. பூ வரையணும். பேசிக்கிட்டு நிக்கிறவங்களுக்கு இன்னிக்கி அரைப்பேருதான்."

தோட்டத்தில் வேலை குறைந்தவர்களுக்குப் பாதி நாள் மட்டும் பதிவதை அரைப்பேர் என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளெல்லாம் நடுங்கிப்போய் வரைந்தன. ஒரு வாரத்துக்குள், நான் வரும்போது வகுப்பு வாசலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டு மாதிரி இரண்டு வரிசை நிற்கும். ராமாயி முன்னால் வந்து கணக்குச் சொல்லுவாள். "நாப்பதுக்கு முப்பத்தெட்டு வந்திருக்கு சார். ஒண்ணு காச்சல், ஒண்ணு சும்மா."

மடுவத்தின் மறு கோடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரிய வாத்தியார் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ கண்டிக்கப் போகிறார் என்று போனேன். "தம்பி, அந்தப் புள்ள லீவு போட்டா நீங்களும் லீவு போட்டுருங்க."

வீடு வரைதல்

கொழும்பிலிருந்து வந்த சித்திரப் புத்தகம் ஒன்று பெரிய வாத்தியாரிடம் இருந்தது. அதில் வீடு என்றால் ஒரு கூரை, ஒரு கதவு, இரண்டு ஜன்னல், பக்கத்தில் ஒரு தென்னை மரம். அதைப் பலகையில் வரைந்து காட்டினேன். பிள்ளைகள் ரொம்ப நேரம் பார்த்தார்கள். "இதுல யாரு சார் இருக்காங்க?" என்று ஒருவன் கேட்டான். ஒரு குடும்பம் என்றேன். "மத்தவங்கல்லாம் எங்க இருப்பாங்க?" என்றான். அழித்துவிட்டு, அவரவர் வீட்டை வரையுங்கள் என்றேன்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெஞ்சில் ஒருவரும் இல்லை. எல்லாரும் தரையில் இருந்தார்கள். பத்தாம் நம்பர் லயத்துப் பிள்ளைகள் தங்கள் சிலேட்டுகளைச் சுவரிலிருந்து வாசல் வரை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரே கூரை, முதல் சிலேட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு சட்டத்தையும் தாண்டிக் கடைசிச் சிலேட்டு வரை ஓடியது. கூரைக்குக் கீழே வீட்டுக்கு ஓர் அறையாக ஆளுக்கொரு காம்பரா, காம்பராவுக்கு ஒரு கதவு, கதவுக்குள்ளே அடுப்பு. ஒரு காம்பராவில் வந்த புகை அடுத்த சிலேட்டுக்குப் போய், அங்கே இருந்தவள் இருமிக்கொண்டிருந்தாள். நான் ஹட்டனில் எழுதிய எந்தப் பலகையும் அவ்வளவு நீளம் இல்லை.

எல்லாம் சரி. நடுவில் மட்டும் ஒரு சிலேட்டு அளவுக்குத் தரை தெரிந்தது. கூரை அங்கே அறுந்து, அந்தப் பக்கம் போய்த் தொடர்ந்தது. இடைவெளி எதற்கு, ஒட்டி வைக்கலாமே என்று தள்ளப் போனேன். ராமாயி கையைத் தடுத்தாள். "அது மாரிமுத்து காம்பரா சார். அவன் இன்னிக்கி வரல. நாளைக்கி வந்து அவன் வீட்ட அவனே வரைஞ்சுக்குவான்."

ஊதா

கலர்ப் பெட்டி வாங்கத் தோட்டத்தில் யாரும் தயாராக இல்லை. ஆகவே, ஆளுக்கு ஒரு கலர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இதை வாசிக்கிற சித்திர வாத்தியார்கள் தயவுசெய்து இந்த வாக்கியத்தை எந்த வகுப்பிலும் சொல்ல வேண்டாம்.

மறுநாள் மேசையில் மஞ்சள், குங்குமம், விபூதி, கரி, செங்கல் பொடி, துணிக்குப் போடுகிற நீலம் எல்லாம் வந்து குவிந்தன. ராகலையில் காய்கறி போடுகிற மாமா கொடுத்தாரென்று ஒருத்தி பாதி கடித்த பீட்ரூட் கொண்டுவந்தாள். கடைசியாக முருகன். அவன் கையில் ஒன்றும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயசுத் தம்பி நின்றான். சட்டை மட்டும் போட்டிருந்தான். "கலர் எங்கடா?" என்றேன். முருகன் தம்பியைத் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்து, அவன் காலை என் பக்கம் நீட்டிவிட்டான். முழங்கால் இரண்டிலும் சிரங்குக்கு ஆஸ்பத்திரியில் பூசிவிட்ட ஊதா மருந்து, நேற்றுப் பூசியதுபோலப் பளபளவென்று இருந்தது. தம்பி பெருமையோடு காலை ஆட்டினான்.

வேண்டாம்டா என்றேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. முருகன் நான் சங்கோஜப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தைரியம் சொன்னான்: "தண்ணி தொட்டுத் தேச்சா வரும் சார். பத்தலைன்னா சொல்லுங்க, காதுக்குப் பின்னாலயும் கொஞ்சம் இருக்கு."

பனி

மூன்றாவது மாசம், இயற்கைக் காட்சி வரையலாம் என்று பிள்ளைகளை வெளியே மேட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். எதிரே மலை, மலையில் தேயிலை வரிசை, நடுவில் ஸ்டோர், கீழே லயம், ஒரு கோயில். கண்ணால் பார்ப்பதை மட்டும் வரைய வேண்டும், இல்லாததை வரையக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ராமாயி அதை இன்னும் கண்டிப்பாகச் சொன்னாள்.

பிள்ளைகள் அருமையாக வரைந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. முதலில் கோயில் மறைந்தது. நாற்பது பிள்ளைகளும் எச்சில் தொட்டுக் கோயிலை அழித்தார்கள். லயம் மறைந்தது, லயத்தை அழித்தார்கள். ஸ்டோரின் புகைபோக்கி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அது போகிற வரைக்கும் விரலை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்து, போனவுடன் அழித்தார்கள். கடைசியில் எனக்குப் பிள்ளைகளே தெரியவில்லை.

அந்த வெள்ளைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு பெரிய வாத்தியார் வந்தார். சிலேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். நாற்பதும் சுத்தமாக இருந்தன. "ஒரு மணி நேரமா என்ன தம்பி செஞ்சீங்க?" என்றார். எனக்கு முந்தி ராமாயி சொன்னாள், "வரைஞ்சாச்சு சார். பனி வெலகட்டும், மறுபடி போட்டுருவோம்." பெரிய வாத்தியார் டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "பனி வெலகுறது நாலு மணிக்கு, பள்ளிக்கூடம் விடுறது ரெண்டு மணிக்கு, தொரை வர்றது இன்னும் மூணு மாசத்துல. பாத்துக்குங்க தம்பி."

எறும்பு

அவர் சொன்னது உறைத்தது. அடுத்த மாசம் புத்தகத்தில் உள்ளபடி பெரிய பாடமாக எடுத்தேன். கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, எதிர்மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களைப் பாருங்கள் என்றேன். ஒரு முழு ஆள் நகத்துக்குள் அடங்கிவிட்டது என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். திங்கட்கிழமை வரும்போது குடும்பத்தை வரைந்துகொண்டு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு முன்னால் ராமாயியின் அப்பா வந்துவிட்டார். ஆறடி ஆள், மீசை வேறு. பின்னால் கூடையோடு அவர் சம்சாரம், வேலைக்குப் போகிற வழியில். அவர் சீனி மடித்த காகிதம் ஒன்றை என் முன்னால் விரித்தார். "சார், நான் ஒரு ஆளா இல்லையாங்க?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க?"

"அப்ப இது என்னாங்க, எறும்பா?"

பார்த்தேன். காகிதம் முழுக்க அம்மா. பக்கத்தில் ராமாயி, தம்பி, ஆடு, சோற்றுப் பானை. மேலே ஒரு மூலையில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி. புள்ளிக்கு இரண்டு கால். "ஆட்டுக்குக் கொம்பு இருக்கு. எனக்கு மீசைகூட இல்ல" என்றார். ராமாயி என் பின்னாலிருந்து விளக்கினாள்: "தூரமா இருந்தா சின்னதாத்தான் வரையணும்னு சார் சொல்லியிருக்காங்க. நான் வரையறப்ப நீங்க மஸ்கெலியாவுலல்ல இருந்தீங்க?"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து ஆண்கள், டிக்கோயாவில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறி மஸ்கெலியா வரை போவது எதற்கு என்று பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். அவர் மீசையைத் தடவினார். சம்சாரம் காகிதத்தை வாங்கி ஒழுங்காக மடித்துக் கூடைக்குள் வைத்தார். "திரும்பி வர்றப்ப வரைஞ்சிருந்தா ஒங்களப் படுத்த வாக்குல வரைஞ்சிருப்பா. இதுவே மரியாதையா இருக்கு. வாங்க, பெரட்டுக்கு நேரமாச்சு."

டீச்சரம்மாவின் கோழி

உயிருள்ள ஒன்றை முன்னால் வைத்து வரைய வேண்டும் என்று புத்தகம் சொன்னது. டீச்சரம்மாவின் கோழியைக் கேட்டு வாங்கி, மேசைக் காலில் கட்டினேன். கோழி மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் அசையவே இல்லை. பிள்ளைகளும் சத்தமில்லாமல் வரைந்தார்கள். ஐந்தாவது மாசத்திலாவது எனக்கு வகுப்பு நடத்த வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கோழி எழுந்து, கெக்கெக்கே என்று ஊருக்குச் சொல்லிற்று. கீழே ஒரு முட்டை. வகுப்பே கலைந்தது. எல்லாரும் சிலேட்டில் கோழிக்குக் கீழே இடம் தேடினார்கள். கோழியைச் சிலேட்டின் அடிச்சட்டத்தோடு ஒட்டி வரைந்தவர்கள் அழுதார்கள். முருகன் மட்டும் கவலையே படாமல் முட்டையைக் கோழியின் வயிற்றுக்குள் வரைந்திருந்தான். கேட்டால், "நான் வரையறப்ப உள்ளதானே சார் இருந்துச்சு?" என்றான்.

முட்டையையும் கோழியையும் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்கிற குரலில் டீச்சரம்மாவிடம் கொடுத்தேன். அவர் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பத்து நாளா முட்ட போடாம இருந்துச்சு இது. தம்பி, நாளைக்கும் ஒரு படம் போடுங்களேன்."

தொரை படம்

ஆறாவது மாசம் ஒரு நாள் பெரிய வாத்தியார் வியர்த்துக்கொண்டு வந்தார். அந்தக் குளிரில் அவருக்கு வியர்த்ததைப் பார்த்தே புரிந்துகொண்டேன். "புதன்கெழம தொரை வர்றாரு தம்பி. காட்ட என்ன இருக்கு?" என்றார். யோசித்துப் பார்த்தேன். நடுவில் ஓட்டை விழுந்த ஒரு லயம், பனி அழித்த நாற்பது சிலேட்டு, கடுகு அளவில் ஒரு தகப்பன், முட்டையோடு கோழி. பெரிய வாத்தியார் கண்ணை மூடினார். பிறகு அலுமாரியைத் திறந்து, பல வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த நாற்பது வெள்ளைக் காகிதத்தை எண்ணிக் கொடுத்தார். "எல்லாரும் தொரை படத்தையே வரையட்டும். தன் மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் புடிக்காது?"

பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வரைந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். முதல் காகிதத்தில் ஒரு ஜோடிச் சப்பாத்து, மேசு, பிரம்பின் நுனி, நாய். இரண்டாவதிலும் அப்படியே. நாற்பதிலும் அப்படியே. இடது சப்பாத்தின் கயிறு அறுந்து நடுவில் முடிச்சுப் போட்டிருந்தது. நாற்பது படத்திலும் அந்த முடிச்சு இருந்தது. நாயின் மூஞ்சி, கிழிந்த காது, ஈரமான மூக்கு எல்லாம் அச்சு அசல். முழங்காலுக்கு மேலே மட்டும் வெறும் காகிதம்.

"தொரை எங்க?" என்றேன். "இந்தா நிக்கிறாருல்ல" என்று சப்பாத்தைக் காட்டினார்கள். "மேல?" என்றேன். ராமாயிக்கு என்னைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. "மேல பாக்கக் கூடாது சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் காட்டுகிறேன் பாருங்கள் என்று சாக்கட்டியை எடுத்துப் பலகையில் வட்டமாக ஒரு தலை போட்டேன். இரண்டு பக்கமும் காது வைத்தேன். அதோடு கை நின்றுவிட்டது. எனக்கும் சப்பாத்துதான் ஞாபகம் வந்தது. அப்புறம் நாய். பெரிய வாத்தியாரைப் பார்த்தேன். பதினொரு வருஷமாகத் தொரையிடம் சம்பளம் வாங்குகிறவர். "தொப்பி ஒண்ணு இருக்கும்" என்றார். தொப்பிக்குக் கீழே என்று கேட்டேன். "அதுலதான் தம்பி ஒரு சின்னச் சந்தேகம்" என்றார். அந்த வழியாக, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா போய்க்கொண்டிருந்தார். தினமும் காலையில் தொரையோடு மலையைச் சுற்றுகிறவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஓடிப்போய்க் கேட்டோம். அவர் நின்று, நெற்றியைச் சுருக்கி, அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூஞ்சி கோவமா இருக்கும். மத்தபடி எனக்கும் முழங்கால் வரைக்கும்தான் பழக்கம்."

புதன்கிழமை

வேறு காகிதம் இல்லை. சுவர் நெடுகக் கயிறு கட்டி, நாற்பது ஜோடிச் சப்பாத்தையும் முள்ளால் குத்தித் தொங்கவிட்டோம். அப்பா ஸ்டோரில் சொல்லிவிட்டு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். முடிவு தெரிந்ததும் என்னைக் கையோடு டீமேக்கரையாவிடம் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

தொரை உள்ளே வந்தார். எல்லாரும் குனிந்தோம். நடந்ததை என்னால் சப்பாத்தின் கணக்கில்தான் சொல்ல முடியும். சப்பாத்து முதல் படத்துக்கு முன்னால் நின்றது. இரண்டாவதுக்கு நகர்ந்தது. மூன்று, நான்கு. பத்தாவது படத்தில் நின்றது, நகரவில்லை. நாய் அதே படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. "இது யாரு?" என்று மேலேயிருந்து கேட்டது.

"தொரைதானுங்க" என்றார் பெரிய வாத்தியார்.

"இது?"

"அதுவும் தொரைதானுங்க."

சப்பாத்து திரும்பி என் முன்னால் வந்தது. மேலேயிருந்து ஒரு கை இறங்கி வந்து, இடது சப்பாத்தின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப மேலே போனது. "எல்லாம் சரி. மூஞ்சி எங்கே?" என்றது குரல். வாசலில் அப்பா இருமுவது கேட்டது. என் சார்பில் எப்போதும் பேசுகிறவள்தான் பேசினாள். "மூஞ்சியப் பாக்கக் கூடாதுங்க தொரை. பாத்தா ஏசுவீங்கன்னு தாத்தா சொன்னாங்க."

பிறகு ஒரு பெஞ்சு இழுபடுகிற சத்தம். சப்பாத்து இரண்டும் பெஞ்சுக்கு முன்னால் சேர்ந்து அடங்கின. பெஞ்சின் ஓரத்தில் ஒரு தொப்பி வந்து உட்கார்ந்தது. "நான் ஏசாது. எல்லாம் பாரு. படம் போடு."

ஒருவரும் பார்க்கவில்லை. முப்பத்தொன்பது பிள்ளைகளும் இன்னும் கூர்மையாகச் சப்பாத்தைப் பார்த்தார்கள். ராமாயி மட்டும் தன் படத்தைக் கயிற்றிலிருந்து பிடுங்கி, பின்பக்கம் திருப்பினாள். ஒரு கண்ணை மூடினாள். கட்டைவிரலைத் தொரைக்கு நேராக நீட்டினாள். அவள் கரியை எடுத்து வரைந்தாள், விரலை நீட்டினாள், மறுபடி வரைந்தாள். மற்றப் பிள்ளைகள் தொரையைப் பார்க்காமல் அவளுடைய காகிதத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அங்கே ஒரு மூக்கு வந்தது. ஒரு மீசை வந்தது. கோபமே இல்லாமல், தூக்கம் கெட்டவர்போல இரண்டு கண் வந்தது. அப்புறம் அவள் என்னிடம் வந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு தாத்தாவின் குரலில் கேட்டாள்: "சார், செங்கப்பொடி குடுங்க, விபூதியும் குடுங்க. தொரைக்கு மூக்கு, கன்னமெல்லாம் செவப்பு. தொப்பிக்குள்ள இருந்த எடம் மட்டும் உரிச்ச முட்ட மாதிரி இருக்கு."

பெரிய வாத்தியார் தூணைப் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, உறுமலா என்று எங்களுக்குப் புரியவில்லை. அது சிரிப்பு என்று முதலில் கண்டுகொண்டது நாய், வாலை ஆட்டியது. ராமாயி செங்கல் பொடியும் விபூதியும் பூசி முடிக்கும் வரை சப்பாத்து அசையாமல் இருந்தது. பிறகு கை இறங்கி வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டது. "இது நான் கொண்டுபோறது. நீ ஸ்டோரு போகாதே. இங்கே இரு." தொப்பி பெஞ்சை விட்டு எழுந்தது. சப்பாத்து வாசலைத் தாண்டிப் போனது.

வெளியே கானுக்குள் இறங்கிக் குனிந்து நின்ற அப்பா, சத்தம் அடங்கியதும் மேலே ஏறி வந்தார். துண்டால் என் சட்டையில் இருந்த சாக்கட்டித் தூசியைத் தட்டிவிட்டார். தட்டத் தட்ட அதில் தேயிலைத் தூசி ஒட்டியது. "டீமேக்கரையாகிட்ட அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிர்றேன். ஆமா, தொரை எப்படிப்பா இருந்தாரு? பாத்தியா?"

பார்த்த மாதிரிதான் தலையாட்டினேன். மூன்று வருஷமாகிறது, தொரை எப்படியிருப்பார் என்று யார் கேட்டாலும், ராமாயியின் காகிதத்தில் பார்த்ததைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.